ஒசாகாவில் கத்தி வாங்கும் முன்

கேள்வி இது: "அடுத்த மாதம் வேலையாக ஒசாகா போகிறேன். கையால் அடித்த ஜப்பானியச் சமையல் கத்தி ஒன்று வாங்கி வர ஆசை. 30,000 யென் வரை செலவு செய்யலாம். வீட்டில் பெரும்பாலும் காய்கறிதான், வாரத்தில் ஒருநாள் மீனோ கோழியோ. நீலத்தாள், வெள்ளைத்தாள், விஜி-10, டமாஸ்கஸ் என்று படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. எந்த எஃகு நல்லது?"

எஃகுக்குப் பிறகு வருகிறேன். ஒரு கத்தி காய்க்குள் எப்படி இறங்குகிறது என்பதை எஃகின் பெயர் தீர்மானிப்பதில்லை, அலகின் குறுக்குவெட்டு தீர்மானிக்கிறது. ஒரே ஆலையில் உருக்கிய ஒரே நீலத்தாள் எஃகை இரண்டு பட்டறைகள் வாங்கிக் கத்தி செய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கேரட்டைச் சத்தமில்லாமல் இரண்டாக்கும். இன்னொன்று பாதி வழியில் இறுகி நிற்கும், அழுத்தினால் கேரட் 'டக்'கென்று உடையும். இரண்டிலும் கூர் ஒன்றுதான். கூருக்குப் பின்னால் அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது, அங்கிருந்து முதுகு நோக்கி எப்படித் தடிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. எஃகின் பெயரை வைத்து, கூர் எத்தனை நாள் நிற்கும், தீட்ட எளிதா, துருப்பிடிக்குமா என்று ஊகிக்கலாம். வெட்டு எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடியாது.

எல்லாரும் கொல்லரின் பெயரைத்தான் தேடுகிறார்கள். மெலிவைக் கொண்டுவருபவர் சாணைக்காரர். நீங்கள் போகும் ஒசாகாவுக்குப் பக்கத்திலேயே, அந்த வேலை தனித் தொழிலாகவே வளர்ந்த ஊர் ஒன்று இருக்கிறது.

நம்பா நிலையத்தில் நன்கய் ரயில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சகாய் வந்துவிடும். பழைய துறைமுக நகரம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகப் புகையிலை ஜப்பானுக்கு வந்தபோது, அந்த இலையை மயிரிழையாக நறுக்கும் கத்திகளைச் செய்து பெயர் பெற்றது இந்த ஊர். தொகுகாவா ஆட்சி அந்தக் கத்திகளுக்கு 'சகாய் கிவாமே' என்ற தரமுத்திரை கொடுத்து விற்பனை உரிமையையும் பாதுகாத்தது. நாட்டுத் துப்பாக்கிக் குழல் அடித்ததும் இங்கேதான். சைக்கிள் பாகங்களுக்குப் பெயர்போன ஷிமானோ கம்பெனி 1921இல் தொடங்கியதும் இதே ஊரில்தான். இரும்பைப் புரிந்துகொண்ட கைகள் தலைமுறை தலைமுறையாக இருந்த இடம் என்பதற்காகச் சொல்கிறேன். இன்று ஜப்பானின் தொழில்முறைச் சமையற்காரர்கள், அதிலும் பச்சை மீன் நறுக்குகிறவர்கள், பெரிதும் நம்புவது சகாய் கத்திகளைத்தான்.

சகாயில் ஒரே ஆள் முழுக் கத்தியையும் செய்வதில்லை. கொல்லர் மென்இரும்புப் பட்டையின் மேல் எஃகுத் துண்டை வைத்து, இடையே வெண்காரமும் இரும்புத்தூளும் தூவி, உலையில் காய்ச்சி, விசைச்சுத்தியலில் கொடுத்து இரண்டையும் ஒட்டவைக்கிறார். வடிவம் வந்ததும் மெதுவாக ஆறவிடுகிறார். வைக்கோல் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடும் பழைய வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் உண்டு. பிறகு களிமண் குழம்பு பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, தண்ணீரில் தோய்ச்சல் போடுகிறார். அப்போது பட்டறையை இருட்டாக்கிவிடுவார்கள். இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சூட்டை அளக்க வேண்டும், வெளிச்சம் இருந்தால் நிறம் ஏமாற்றும். சூடு கொஞ்சம் மிஞ்சினால் எஃகின் உள்மணி பெருத்து, கூர் நொறுங்கும். குறைந்தால் கடினம் ஏறாது. தோய்ச்சல் முடிந்ததும் 150 முதல் 200 டிகிரிக்குள் மிதமாகக் காய்ச்சி விறைப்பைத் தணிப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் கொல்லர் பட்டறையைவிட்டு வெளியே வருவது கறுத்த, தடித்த, எதையும் வெட்டாத ஒரு தகடுதான். அடுத்து அது சாணைக்காரரிடம் போகிறது. தண்ணீர் ஓடும் பெரிய சுழல்கல்லில் அலகை அழுத்தித் தேய்க்கிறார். தேய்க்கும்போது அலகு வளையும். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, சிறு சுத்தியலால் தட்டி நேராக்கி, மறுபடி தேய்க்கிறார். ஒரு கத்தியின் மேல் இது திரும்பத் திரும்ப நடக்கும். எஃகை எங்கே விடுவது, எங்கே எடுப்பது என்று அளந்து சொல்ல எந்தக் கருவியும் அவர் கையில் இல்லை. கல்லின் ஓசையும் விரல் நுனியும்தான். இதற்கெல்லாம் பிறகுதான் பிடி போடுகிறவரிடம் போகும். வால்பகுதியைக் காய்ச்சி, மரப்பிடியின் துளைக்குள் எரித்து இறக்கித் தட்டிப் பொருத்துவார். கடைசியில் அலகில் செதுக்கப்படும் பெயர் பெரும்பாலும் இந்த மூவரில் ஒருவருடையதும் அல்ல, வேலையை ஒருங்கிணைக்கும் மொத்த வணிகருடையது. ஆகவே சகாய் கடையில் நிற்கும்போது, "இதை அடித்தவர் யார்? சாணை பிடித்தவர் யார்?" என்று இரண்டையும் கேளுங்கள். நல்ல கடைக்காரர் இரண்டுக்கும் பதில் சொல்வார். சாணைக்காரரின் பெயரைத் தானாகவே சொல்லும் கடையாக இருந்தால் நான் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நிற்பேன்.

'கையால் செய்தது' என்ற சொல்லுக்குள் பல படிகள் உண்டு. மேலே சொன்னதுபோல இரும்பையும் எஃகையும் கொல்லரே ஒட்டுவது ஒன்று. ஆலையிலேயே மூன்றடுக்காக ஒட்டித் தகடாக வரும் எஃகை வாங்கி, காய்ச்சி அடித்து, தோய்ச்சல் போட்டு, கையால் தேய்ப்பது இன்னொன்று. அதே தகட்டை வடிவமாக வெட்டியெடுத்து இயந்திரத்தில் தேய்ப்பது வேறொன்று. இரண்டாவது வகையைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். எவர்சில்வர் உறை போட்ட, அதாவது வெட்டும் எஃகின் இருபுறமும் எவர்சில்வர் அடுக்கு ஒட்டிய கத்திகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். எவர்சில்வரை உலையில் ஒட்டுவது மிகக் கடினம், அதைத் தாமே செய்யும் கொல்லர்கள் சிலரே. உங்கள் பணத்துக்குக் கிடைப்பதில் மிகச் சிறந்த கத்தி அநேகமாக இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கும்.

சகாய் தவிர மற்ற ஊர்களையும் ஒசாகா கடைகளில் பார்ப்பீர்கள். நீகாத்தா மாகாணத்து சான்ஜோ, ஆணி அடிப்பதில் தொடங்கி வளர்ந்த கொல்லர் ஊர். அங்கே ஒரே பட்டறை அடிப்பதிலிருந்து தீட்டுவது வரை செய்வது வழக்கம், கத்திகள் முதுகில் கனத்து நுனியில் மெலிந்து வரும். ஃபுகுய் மாகாணத்து எச்சிசென் 700 ஆண்டு மரபு சொல்லும் ஊர். பல பட்டறைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் தகெஃபு கத்திக் கிராமம் 1993இல் அங்கே திறக்கப்பட்டது. ஷிகோகு தீவின் தொசா, மரம் வெட்டிகளுக்கு அரிவாளும் கோடாரியும் அடித்துப் பழகிய இடம். முரட்டுத் தோற்றம், நியாய விலை. செகி என்ற ஊரில் பெரும்பாலும் ஆலை உற்பத்தி. அதில் நல்ல கத்திகள் இருக்கின்றன, ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

இனி, கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் என்ன பார்ப்பது? முதலில் அனுமதி கேளுங்கள். அலகை விரலால் தொடாதீர்கள், விரல்ரேகை படிந்த இடத்தில் துரு தொடங்கும் என்பதால் கடைக்காரர் பதறுவார். பிடியை மட்டும் பிடித்து, அலகின் பின்கோடி, அதாவது பிடிக்குப் பக்கத்தில் கூர் முடியும் குதி, உங்கள் கண்ணுக்கு நேரே வருமாறு திருப்புங்கள். இப்போது அலகின் குறுக்குவெட்டு அப்படியே தெரியும். முதுகிலிருந்து கூர் வரை நீண்ட, மிக மெல்லிய வளைவாக ஒடுங்கி, கூருக்கு மேலே ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதது போலக் காகிதமாக முடிந்தால், அது வெட்டும். முதுகிலிருந்து பாதி தூரம் ஒரே தடிப்பில் வந்து, கீழே சட்டென்று தோள் போலத் திரும்பிக் கூராகியிருந்தால், அலகில் எந்த எஃகு இருந்தாலும் பூசணியில் மாட்டிக்கொள்ளும். கூருக்குச் சற்று மேலே கால் மில்லிமீட்டருக்குள் இருக்கும் கனம்தான் நல்ல கியூட்டோவின், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான ஜப்பானியச் சமையல் கத்தியின், அடையாளம். முதுகோ பிடிக்கருகில் 3 மி.மீ. கூட இருக்கலாம். ஆனால் அந்த 3 மி.மீ. நுனிக்குப் போவதற்குள் படிப்படியாகக் குறைந்து, நுனியருகே 1 மி.மீ. அளவுக்கு வந்திருக்க வேண்டும். முதுகை மேலிருந்து பார்த்தால் இது தெரியும். பிடியருகில் கனம் இருந்தால் கையில் உறுதி கிடைக்கும், நுனி மெலிந்தால் வெங்காயத்தைக் குறுக்கே கீறும்போது தடை இருக்காது. தகட்டை வெட்டியெடுத்துச் செய்த கத்தியில் முதுகு கடைசிவரை ஒரே கனமாக ஓடும். கையால் செய்ததற்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் போகிறது என்பேன்.

அடுத்தது, பக்கவாட்டு முகம். முற்றிலும் தட்டையான முகத்தில் உருளைக்கிழங்கு வில்லைகள் ஒட்டிக்கொண்டே வரும். மிக லேசாகப் புடைத்த முகமாக இருந்தால் வில்லை விலகி விழும். இந்தப் புடைப்பைக் கண்ணால் பிடிக்கச் சற்றுப் பழக்கம் வேண்டும். விளக்கொளி அலகின்மேல் ஓடும் விதத்தைக் கவனியுங்கள். ஒளிக்கோடு நெளியாமல் நகர்ந்தால் தேய்ப்பு சீரானது. அங்கங்கே குழிந்து துள்ளினால் சாணை பிடித்தவர் அவசரப்பட்டிருக்கிறார். பிறகு கூரை ஒரு தட்டையான பலகைமேல் மெல்ல வைத்து எதிர்ப்பக்க வெளிச்சத்தில் பாருங்கள். குதிக்கு அருகே இடைவெளி தெரிந்தால் அந்த இடம் அதிகம் தேய்ந்திருக்கிறது, கீரை நறுக்கும்போது அடியில் அறுபடாமல் கோத்துக்கொண்டே வரும். நுனியிலிருந்து பிடிவரை நேர்க்கோடாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. கையால் செய்ததில் மயிரிழை வளைவு சகஜம், கண்ணுக்கு உறுத்தினால் வேறு கத்தி கேளுங்கள். முதுகின் விளிம்பும் குதியின் விளிம்பும் உருட்டி மழுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை, கடைக்காரர் அனுமதித்தால் மட்டும், விரலால் உணரலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகையே பற்றிப் பிடிப்பதுதான் சரியான பிடி என்பதால், அந்த விளிம்பு கூராக இருந்தால் அரை மணி நேரத்தில் விரல் சிவந்துவிடும்.

இப்போது எஃகு. ஜப்பானியக் கத்தி எஃகுகளில் பேர்பெற்றவை ஷிமானே மாகாணத்து யசுகி ஆலையிலிருந்து வருகின்றன. முன்பு ஹிட்டாச்சி மெட்டல்ஸ், 2023 முதல் புரோட்டீரியல் என்று பெயர். கட்டுகளை அடையாளம் காண ஒட்டிய தாளின் நிறம்தான் பெயராகிவிட்டது: ஷிரோகாமி வெள்ளைத்தாள், அவோகாமி நீலத்தாள். வெள்ளைத்தாள் ஏறக்குறைய இரும்பும் கரியும் (கார்பன்) மட்டும்தான். இரண்டாம் எண் வகையில் கரி 1.05 முதல் 1.15 சதவீதம், முதல் எண் வகையில் அதைவிடக் கூடுதல். கலப்பு இல்லாததால் கல்லில் வெண்ணெயாகத் தீட்டப்படும், மிக நுண்ணிய கூர் வரும். தோய்ச்சலில் பிழையைப் பொறுக்காது என்பதால் கொல்லரின் கைத்திறன் இதில்தான் தெளிவாகத் தெரியும். நீலத்தாளில் டங்ஸ்டனும் சிறிது குரோமியமும் சேர்கின்றன. கூர் இன்னும் சில நாள் கூடுதலாக நிற்கும், தீட்ட இன்னும் சில நிமிடம் பிடிக்கும். நீலத்தாள் சூப்பரில் கரி 1.4 சதவீதத்தைத் தாண்டும், கூர் நெடுநாள் நிற்கும், முரட்டுக் கைக்குச் சில்லும் பெயரும். குரோமியம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், இவை எல்லாமே துருப்பிடிக்கும்.

துருப்பிடிக்காதவற்றில் மூன்றைத்தான் நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள். யசுகியின் கின்சான் 13 சதவீதத்துக்கு மேல் குரோமியம் கொண்டது, ஆனால் தீட்டும்போது வெள்ளைத்தாளை நினைவுபடுத்தும். எனக்கு மிகப் பிடித்த எவர்சில்வர் கத்தி எஃகு இது. எச்சிசென் ஊரின் தகெஃபு சிறப்பு எஃகு ஆலை தந்தது விஜி-10. நல்ல எஃகுதான், ஆனால் தீட்டும்போது கூரின் விளிம்பில் எழும் பிசிறு கல்லில் எளிதில் விடாது, புதிதாகத் தீட்டக் கற்பவரைச் சோதிக்கும். எஸ்ஜி-2 என்பது தூளாக்கி இறுக்கிய எஃகு, கூர் மிக நீண்டு நிற்கும், விலையும் அதற்கேற்ப. ஆர்-2 என்று போட்டிருந்தாலும் அதே குடும்பம்தான்.

கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் இவை 60 முதல் 65 வரை வரும். ஐரோப்பியச் சமையல் கத்திகள் 55 முதல் 58. கடினம் கூடினால் மெல்லிய கூரைத் தாங்கும், வளையாமல் உடையும். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்தால் பின்னால் சொல்லப்போகும் எச்சரிக்கைகள் எல்லாம் தாமாகவே புரியும்.

எஃகின் பெயரைத் துருவுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது உறையை. மூன்றடுக்குக் கத்தியில் வெட்டும் எஃகு நடுவில் ஒரு கோடாகத்தான் வெளியே தெரியும், உணவில் படும் பரப்பில் பெரும்பகுதி உறைதான். அந்த உறை மென்இரும்பாக இருந்தால், நடுவிலிருக்கும் எஃகைவிட அதுவே சீக்கிரம் கறுக்கும். முதல் சில வாரங்களுக்கு வெங்காயத்தில் சாம்பல் நிறம் ஏறும், இரும்பு வாடை வரும். தொழில்முறைச் சமையலறையில் ஈரத்துணி எப்போதும் கைக்கருகில் இருக்கும், அங்கே இது பிரச்சினை இல்லை. நடுவில் நீலத்தாள், இருபுறமும் எவர்சில்வர் உறை என்றால், கீழே சில மில்லிமீட்டர் மட்டும்தான் கறுக்கும், அங்கே படியும் நீலச்சாம்பல் படலமே பிறகு துருவைத் தடுக்கும். கடற்கரை ஊரில், ஈரக்காற்றில், எலுமிச்சையும் புளியும் தக்காளியும் தினமும் புழங்கும் வீட்டுக்கு என் தேர்வு இது. வீட்டில் வேறு யாராவது கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகும் வாய்ப்பு இருந்தால், யோசிக்காமல் கின்சான் வாங்குங்கள்.

டமாஸ்கஸ் அலைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. 33 அடுக்கு, 63 அடுக்கு என்று எழுதியிருப்பதெல்லாம் உறையின் அலங்காரம். நடுவிலிருக்கும் எஃகு மட்டும்தான் வெட்டுகிறது. அழகுக்காக வாங்கலாம், தவறே இல்லை, ஆனால் முதல் முறை அலகை மெலிய வைத்துத் தேய்க்கும்போது அந்த அலைகள் மங்கும் என்று தெரிந்து வாங்குங்கள். ஆதியில் டமாஸ்கஸ் வாள்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது தென்னிந்தியாவிலிருந்து போன மூசை எஃகு. ஈரோடு பக்கத்துக் கொடுமணலில் பழங்கால இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அது உருக்கிக் குளிரும்போது உள்ளேயே விளையும் வரி. ஜப்பானியக் கத்தியில் இருப்பது இரண்டு உலோகத் தகடுகளை அடுக்கி ஒட்டிய வரி. பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. அதேபோல, 'சாமுராய் வாளின் எஃகு' என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். வாள் செய்யும் தமஹகனே, ஷிமானேயின் ஒக்குயிசுமோவில் மரபு உலையில் கொஞ்சமாக விளைவித்து, உரிமம் பெற்ற வாள் கொல்லர்களுக்குப் போகிறது. 30,000 யென் கத்தியில் அது இருக்காது, இருக்கவும் தேவையில்லை.

ஒரே எஃகில், உறையில்லாமல் அடித்து, முதுகுக்குக் கனமாகக் களிமண் பூசித் தோய்ச்சல் போடும் ஹோன்யாகி என்ற வகையையும் காட்டுவார்கள். தோய்ச்சலில் பல வெடித்துப் போய்விடுவதால் விலை பெரும்பாலும் ஒரு லட்சம் யென்னைத் தாண்டும். கண்ணாடிப் பெட்டியில் பார்த்து ரசியுங்கள். முதல் கத்தியாக அது வேண்டாம்.

வடிவம் எளிது. கியூட்டோ, மெய்ஜி காலத்தில் மேற்கத்தியச் சமையலும் மாட்டிறைச்சியும் வந்தபோது ஐரோப்பியக் கத்தியைப் பார்த்துச் செய்தது. காய், கறி, மீன் வில்லை எல்லாவற்றுக்கும் பொது. 210 மி.மீ. வீட்டுக்கு அளவானது. 240 மி.மீ.யில்தான் கியூட்டோவின் சுகம் முழுதாகத் தெரியும் என்று சமையற்காரர்கள் சொல்வார்கள், அது உண்மைதான், ஆனால் அதற்குப் பெரிய பலகையும் அகலமான மேடையும் வேண்டும். சன்டோக்கு 165 முதல் 180 மி.மீ., இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீடுகளுக்கென்று பரவிய குட்டையான வடிவம். நகிரி 165 மி.மீ., செவ்வக அலகு, காய்கறிக்கு மட்டும். முட்டைக்கோசையும் கீரையையும் அது நறுக்குவதைப் பார்த்தால் வேறு கத்தியை எடுக்க மனம் வராது. உங்கள் வீட்டில் மீன், கோழி வாரம் ஒருநாள்தான் என்றாலும் அந்த ஒருநாளுக்கு நுனி தேவை. அதனால் 210 கியூட்டோ.

ஒருபக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டிய யனகிபா, தேபா, உசுபா ஆகியவற்றைச் சகாயில் பார்த்தால் மயங்காமல் இருப்பது கடினம். சகாயின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. யனகிபா பச்சை மீனை ஒரே இழுப்பில் வில்லையாக்க, தேபா மீனைப் பிளக்க, உசுபா முள்ளங்கியைத் தாள் போல உரிக்க. பின்முகம் லேசாகக் குழிந்திருக்கும், அதைத் தட்டையாகக் கல்லில் வைத்துப் பராமரிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். சாதாரணமாக வெட்டினால் கத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அந்தந்த வேலை இல்லாத வீட்டில் அவை சும்மா கிடக்கும். நீங்கள் இடக்கைக்காரர் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: இருபக்கக் கூர் கொண்ட கியூட்டோவிலும் பல, வலக்கைக்கு ஏற்ப ஒருபக்கம் சற்றுக் கூடுதலாகத் தேய்க்கப்பட்டவை. முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள்.

பிடியில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஹோ மரத்தில் எண்கோணமாகச் செய்து, எருமைக்கொம்பு வளையம் போட்டது மரபுப் பிடி. லேசானது, ஈரத்தில் வழுக்காது, பழையதானால் மாற்றலாம். கருங்காலிப் பிடிக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தை அலகில் போடுங்கள்.

இந்தக் கத்தியால் செய்யக்கூடாதவை: தேங்காய் உடைப்பது, எலும்பு வெட்டுவது, மீன்தலை பிளப்பது, உறைந்த கறியைத் தொடுவது, பலாப்பழம், பனங்கிழங்கு. முருங்கைக்காயை நறுக்கலாம், முறுக்கக் கூடாது. அலகு வெட்டுக்குள் இருக்கும்போது பக்கவாட்டில் திருப்பினால் கூர் சில்லாகப் பெயரும். நறுக்கியதைக் கூரால் பலகையில் வழித்துத் தள்ளுவதும் அதே சேதம்தான், முதுகைத் திருப்பி வழியுங்கள். கருங்கல் மேடை, கண்ணாடிப் பலகை, எவர்சில்வர் தட்டு எதன்மேலும் வெட்ட வேண்டாம். மரப்பலகையோ மென்மையான ரப்பர் பலகையோதான். உங்கள் அருவாமனையும் பழைய வெட்டுக்கத்தியும் வீட்டிலேயே இருக்கட்டும், அவற்றின் வேலை அவற்றுக்கு உண்டு.

இனி, கத்தியோடு சேர்த்து வாங்க வேண்டியது: 1000 எண் நீர்ச்சாணைக்கல் (எண் கூடக் கூடக் கல் நயமானது). இது இல்லாமல் கையால் செய்த கத்தி வாங்குவதில் அர்த்தமில்லை. தள்ளுவண்டிச் சாணைச் சக்கரத்தில் ஒருமுறை கொடுத்தால் சாணைக்காரர் பார்த்துப் பார்த்து விட்ட மெலிவும், கொல்லர் போட்ட தோய்ச்சலும் கூரின் ஓரத்தில் கருகிப் போகும். இழுத்துக் கூராக்கும் சிறு கருவிகளும் வேண்டாம், வரிவரியான இரும்புக் கம்பியும் வேண்டாம். ஷாப்டன், கிங், ஒசாகாவிலேயே இருக்கும் நானிவா ஆகிய நிறுவனங்களின் 1000 எண் கல் எதுவானாலும் போதும். அலகின் அகலம் 45 மி.மீ. என்றால், முதுகைக் கல்லிலிருந்து 10 முதல் 12 மி.மீ. உயர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 13, 15 டிகிரி கோணம் கிடைத்துவிடும். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கக் கூர் நெடுகிலும் பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை விடாதீர்கள். பிறகு மறுபக்கம். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாறி மாறித் தடவிப் பிசிறை எடுங்கள். 3000 அல்லது அதற்கு மேற்பட்ட கல் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பல தடவை தீட்டிய பிறகு கத்தி கூராகவே இருந்தும் கேரட்டில் இறுகத் தொடங்கினால், கூருக்கு மேலே தடிப்பு ஏறிவிட்டது என்று பொருள். அப்போது அலகைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து அந்த இடத்தை மெலிவாக்க வேண்டும். சாணைக்காரர் செய்து தந்ததை நீங்கள் தொடர்வது அந்த வேலையில்தான்.

எங்கே வாங்குவது? நேரம் குறைவென்றால் ஒசாகா நகருக்குள்ளேயே, நம்பாவுக்கு அருகில் சென்னிச்சிமே தோகுயாசுஜி என்ற சமையற்பாத்திரத் தெரு இருக்கிறது. அரைநாள் கிடைத்தால் சகாய் போங்கள். ஹன்கய் டிராம் வண்டியில் மியோகொக்குஜி-மே நிறுத்தத்தில் இறங்கினால் நடைதூரத்தில் நகரத்தின் மரபுக் கைவினை அருங்காட்சியகம். பல பட்டறைகளின் கத்திகளை ஒரே இடத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், வாங்கவும் செய்யலாம். ஒரே விலையில் மூன்று கத்திகளைக் கேட்டு வாங்கி, மூன்றின் குதியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இவ்வளவு நேரம் நான் எழுதியது அங்கே ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். எவர்சில்வர் உறை போட்ட நீலத்தாள் 210 கியூட்டோ 20,000 யென்னுக்கு மேல் தொடங்கும். 25,000 அளவில் நிறுத்திக்கொண்டு மீதியைக் கல்லுக்கு வையுங்கள். வாங்கியதும் கடைசிக் கூரைக் கல்லில் ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பல கடைகள் மகிழ்ச்சியோடு செய்து தரும்.

பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கும் வெளிநாட்டுப் பயணிக்கு 10 சதவீத நுகர்வு வரி விலக்கு உண்டு. 2026 நவம்பர் 1 முதல் வரியைக் கட்டிவிட்டு, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெறும் முறை வருகிறது. ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேல் நீளமான அலகைத் தக்க காரணமில்லாமல் உடன்கொண்டு திரிவது சட்டப்படி குற்றம். ஆகவே கடையில் கட்டிக்கொடுத்த பெட்டியைப் பிரிக்காமல், ரசீதோடு நேரே விடுதிக்குக் கொண்டுபோங்கள், இடையில் எங்கும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். விமானத்தில் கைப்பையில் அனுமதியில்லை, பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து ஒப்படைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அலகில் பூசியிருக்கும் எண்ணெயை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, உடனே துடைத்துவிட்டு, முதலில் ஒரு வெங்காயம் நறுக்கிப் பாருங்கள்.